புல்லுப்பால் கேட்கிறோம், புல் எங்கே?

"புல் மட்டுமே மேய்ந்த பசுவின் பால்" என்னும் சொற்களை இப்போது நகரத்துக் கடைகளிலும் கைபேசி விளம்பரங்களிலும் நீங்கள் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். கண்ணாடிப் புட்டி; அதன்மேல் பச்சைப் பசேலென்று ஒரு மேட்டுநிலம்; அதில் தலை குனிந்து மேயும் ஒரு பசு. விலை சாதாரணப் பாலைவிடப் பல மடங்கு. வாங்குபவர் எதற்காகக் கூடுதல் பணம் தருகிறார்? பாலுக்காகவா, புல்லுக்காகவா, அல்லது அந்தப் படத்துக்காகவா? இந்தக் கேள்வியைச் சற்றுப் பொறுமையாக ஆராய்வோம். குழந்தை முதல் முதியவர் வரை வீட்டில் எல்லாரும் பருகும் பொருள் பால். அதைப் பற்றிச் சொல்லப்படும் எதையும் சோதித்துப் பாராமல் விட்டுவிடுவது விஞ்ஞானம் பயில்வோருக்கு அழகாகாது.

ஆராய்ச்சிக்கு ஓர் ஊர் வேண்டும். விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தை எடுத்துக்கொள்வோம். (தென்காசிப் பக்கம் இன்னோர் ஆலங்குளம் உண்டு, நாம் சொல்வது அரசு சிமெண்ட் ஆலை அமைந்த ஆலங்குளம்.) சிவகாசி, ராஜபாளையம் ஆகிய இரு ஊர்களுக்கும் தெற்கே, மானாவாரிக் காடுகளின் நடுவே இருப்பது. மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி, வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கார்த்திகையில் வரப்பெல்லாம் புல். மாசி பிறந்தால் பழுப்பு. பங்குனி, சித்திரையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆக, மண் தானாகப் பச்சைப்புல் தருவது ஆண்டில் மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு மாதம். புட்டியின் மேலுள்ள படத்தில் மட்டும் பன்னிரண்டு மாதமும் கார்த்திகை!

சிவகாசியிலிருந்து பேருந்தில் வரும்போது வழியெல்லாம் திறந்த வெளிகளைக் காணலாம். "இவ்வளவு வெற்றிடம் இருக்கிறதே, மாடு மேயக் கூடாதா?" என்று புதியவருக்குத் தோன்றும். ஆனால் அவற்றில் பல பட்டாசு ஆலைகளின் வளாகங்கள். ஒரு கொட்டகைக்கும் அடுத்த கொட்டகைக்கும் இடையே இவ்வளவு தூரம் விட வேண்டும் என்பது வெடிபொருள் சட்டத்தின் விதி. காய்ந்த புல் தீயை இழுத்து வரும் என்பதால் அங்கே புல்லைச் செதுக்கித் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். மீதி வெளிகளில் சீமைக்கருவேல் நிற்கிறது. அந்த மரத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

முதலில் பசுவின் வயிற்றுக்குள் போய்ப் பார்த்துவிடலாம். பசுவின் இரைப்பைக்கு நான்கு அறைகள் என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அவற்றுள் முதலாவதும் பெரியதுமான அறை நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு நொதித் தொட்டி. புல்லின் நாரை ஜீரணிக்கும் சக்தி பசுவுக்குக் கிடையாது, நமக்கும் கிடையாது. அந்தத் தொட்டியில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்குத்தான் அது உண்டு. அவை நாரைச் சிதைத்து அசெட்டிக் அமிலம், புரோபியானிக் அமிலம், பியூட்டிரிக் அமிலம் ஆகியவற்றை உண்டாக்குகின்றன. பசு இவற்றைத்தான் எரிபொருளாகப் பயன்படுத்துகிறது. இவற்றுள் அசெட்டிக் அமிலம் மடியில் பால் கொழுப்பாக மாறுகிறது. நார் குறைந்து மாவுத் தீவனம் அளவுக்கு மிஞ்சினால் தொட்டியில் புளிப்பு ஏறும், அசைபோடுவது குறையும், பாலில் கொழுப்பும் இறங்கும். "மாட்டின் வயிறு புல்லுக்காக அமைந்தது" என்று விளம்பரம் சொல்வது, ஆக, உண்மையே.

ஆனால் இந்த உண்மையிலிருந்து அது அடுத்த அடியை எடுத்து வைக்கும் வேகம்தான் நமக்கு ஐயத்தைத் தருகிறது. நார் வேண்டும் என்றால் வைக்கோலும் நார்தான், சோளத்தட்டையும் நார்தான். பச்சைப்புல் தருவதும் காய்ந்த கூளம் தராததும் எவை? முதலாவது, கரோட்டீன். பச்சை இலையில் மறைந்திருக்கும் இந்த மஞ்சள் நிறப்பொருள் பசுவின் பால் கொழுப்பில் கரைந்து, வெண்ணெய்க்கும் நெய்க்கும் பொன்னிறம் தருகிறது. (எருமை இதை முழுவதும் வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் எருமை வெண்ணெய் வெள்ளையாக இருக்கிறது.) வெயிலில் உலரும்போது கரோட்டீனின் பெரும் பகுதி அழிந்துவிடும். மாதக்கணக்கில் வைக்கோல் மட்டுமே தின்ற சினைமாடு பார்வையற்ற கன்றை ஈனக்கூடும். வைட்டமின் ஏ பற்றாக்குறையின் விளைவு அது. பச்சை தின்ற மாட்டின் பாலுக்கும் காய்ந்தது தின்ற மாட்டின் பாலுக்கும் வேறுபாடு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டாவது, ஒமேகா-3 என்னும் வகைக் கொழுப்பு அமிலம். விளம்பரங்கள் மிகுதியாக முழங்குவது இதைப் பற்றித்தான். பசும்புல் மேய்ந்த பசுவின் பாலில் இது கூடுதலாக இருப்பது பல நாடுகளில் அளந்து காணப்பட்ட உண்மை. எவ்வளவு கூடுதல் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 200 மில்லிலிட்டர் பாலில், நூற்றுக்கு நான்கு கொழுப்பு என்று வைத்துக்கொண்டால், 8 கிராம் கொழுப்பு. அதில் நூற்றில் ஒரு பங்கு ஒமேகா-3 என்றால் 80 மில்லிகிராம். தீவனம் தின்ற மாட்டின் பாலில் இதில் பாதி என்று கொண்டால் 40 மில்லிகிராம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 40 மில்லிகிராம். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமுக்கு மேல் வேண்டும். நூறு கிராம் மத்தி மீன் தின்றால் ஒரே வேளையில் அது கிடைத்துவிடும். மீன் உண்ணாதவருக்கு ஆளிவிதை இருக்கிறது. இருதயத்துக்கு மருந்து என்று நினைத்துப் புல்லுப்பாலைப் பருகுபவர் விலை உயர்ந்த, வீரியம் மிகக் குறைந்த மருந்தைப் பருகுகிறார் என்றே சொல்ல வேண்டும். அத்துடன் இந்தச் சிறப்பெல்லாம் ஆடையிலும் வெண்ணெயிலும்தான் தங்கியிருக்கிறது. கொழுப்பை எடுத்துவிட்ட பாலில் புல்லின் புகழும் கூடவே போய்விடும். புரதம், சுண்ணாம்புச் சத்து ஆகியவற்றில் இரண்டு பாலுக்கும் சொல்லும்படியான வேறுபாடு கிடையாது.

விந்தை என்னவென்றால், புல்லின் பக்கம் நின்று பேசுவதற்கு இதைவிட வலுவான ஒரு வாதம் இருக்கிறது. அதை எந்த விளம்பரமும் எடுத்துச் சொல்வதில்லை. ஈரத்தில் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம், பருத்திவிதை முதலியவற்றில் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு உண்டாகிறது. மாடு அதைத் தின்றால் நச்சின் ஒரு பகுதி மாற்றுருவில் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018ல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றுள் 368 மாதிரிகளில் இந்த நச்சு வரம்புக்கு மேல் இருந்தது. அதிகம் காணப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பச்சைப்புல்லில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் குற்றவாளி புண்ணாக்கு அல்ல, பூசணம் என்பதை மறந்துவிடக் கூடாது. விருதுநகர் எண்ணெய் வணிகத்துக்குப் பெயர்போன ஊர். எள்ளும் கடலையும் பருத்திவிதையும் நமக்கு எண்ணெய் தந்த பிறகு மிஞ்சும் சக்கை, நாம் உண்ண இயலாதது. அதைப் பாலாக மாற்றித் தரும் பசு எந்தப் பாவமும் செய்யவில்லை. உலர்ந்த இடத்தில் சேமித்த நல்ல புண்ணாக்கைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இனி அந்தப் பச்சை மேட்டுநிலத்தின் படத்துக்கு வருவோம். அது எங்கிருந்து வந்தது? அயர்லாந்து, நியூசிலாந்து போன்ற நாடுகளிலிருந்து வந்தது. அயர்லாந்தில் மழை ஆண்டு முழுவதும் தூறிக்கொண்டே இருக்கும். வெயில் கடுமை கிடையாது. புல் ஆண்டில் பெரும் பகுதி வளரும். அங்கே மேய்ச்சல்தான் மலிவான வழி. புல்லுப்பால் என்பது அவர்களுக்கு ஒரு கொள்கை என்பதைவிட ஒரு வசதி எனலாம். ஆனால் அங்கேயும் படம் முழு உண்மை அல்ல. நியூசிலாந்து, புல் போதாத காலத்துக்காகப் பனை எண்ணெய் ஆலைகளின் சக்கையைத் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து லட்சக்கணக்கான டன் கப்பலில் வரவழைத்து மாடுகளுக்கு ஊட்டி வந்திருக்கிறது.

அமெரிக்காவின் இயற்கை வேளாண்மை விதி 2010ல் திருத்தப்பட்டபோது, பசுக்கள் ஆண்டில் குறைந்தது 120 நாள் மேய வேண்டும், அந்தக் காலத்தில் உலர்தீவனக் கணக்கில் நூற்றுக்கு முப்பதாவது மேய்ச்சலிலிருந்து வர வேண்டும் என்று வகுத்தார்கள். விதி என்று ஒன்று எழுதும்போது "முழுவதும் புல்" என்று எழுத முடியவில்லை. 30 என்றுதான் எழுத முடிந்தது! அதே நாட்டின் வேளாண் துறை, புல்மேய்ந்த கால்நடைகளின் இறைச்சிக்காக வகுத்திருந்த தரத்தை 2016 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. நம் நாட்டிலும் 2024 ஆகஸ்டில் ஒரு வேடிக்கை நடந்தது. 'ஏ1', 'ஏ2' என்று பால் புட்டிகளில் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. சில நாட்களிலேயே அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. புட்டியின் மேலுள்ள சொல்லை மட்டும் நம்பிப் பால் வாங்குவது எவ்வளவு வழுக்கலான காரியம் என்பதற்கு இவை போதும்.

புல்லுப்பால் என்பது பார்வைக்கு மாட்டைப் பற்றிய செய்தி போல இருக்கிறது. உண்மையில் அது நிலத்தைப் பற்றிய செய்தி. எத்தனை ஏக்கர், எத்தனை மாதம் பச்சை, யாருடைய நிலம் என்ற மூன்றையும் சொல்லாதவரை அந்தச் சொல்லுக்குப் பொருளே கிடையாது. ஒரு சிறிய கணக்கு இதை விளக்கும். 350 கிலோ எடையுள்ள ஒரு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு உலர்ந்த நிலையில் சுமார் 10 கிலோ தீவனம் தேவை. பச்சைப்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீர். ஆகவே பச்சையாகக் கொடுத்தால் 50 கிலோ. ஆண்டுக்கு உலர்நிலையில் மூன்றரை டன்னுக்கு மேல். மானாவாரி மேய்ச்சல் காடு ஒரு ஹெக்டேரில் 2 டன் உலர்புல் விளைவிப்பதாகக் கொள்வோம். இதற்குக் குறைவான காடுகளும் உண்டு, கூடுதலானவையும் உண்டு. விளைந்ததை எல்லாம் மேயவிட்டால் அடுத்த ஆண்டு புல் இராது. பாதியை விட்டுவைக்க வேண்டும். எனவே ஒரு மாட்டுக்கு மூன்றரை ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ ஒன்பது ஏக்கர்! ஆலங்குளத்துப் பக்கம் ஒன்பது ஏக்கர் வைத்திருப்பவர் ஒரு மாட்டுக்காக அதை ஒதுக்கிவிட்டு வீட்டில் அமர்ந்திருப்பாரா?

கிணறு உள்ளவருக்குக் கணக்கு மாறும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தந்த கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல், நீரும் எருவும் குறையாமல் கிடைத்தால், ஏக்கருக்கு ஆண்டில் 150 டன்வரை பச்சை தரும் என்கிறார்கள். அதில் பாதியே விளைந்தாலும் நான்கு மாடுகளுக்குப் போதும். மாடு தொழுவத்திலேயே நிற்கும். புல் அதனிடம் வரும். கரோட்டீன் கணக்கில், மாடு புல்லைத் தேடிப் போனாலும் புல் மாட்டைத் தேடி வந்தாலும் பாலுக்கு ஒன்றுதான். ஆனால் அப்போது நாம் வாங்குவது மேய்ச்சல் பால் அல்ல, கிணற்றுநீர்ப் பால். நிலத்தடி நீர் ஆண்டுதோறும் இறங்கிவரும் பூமியில் அந்தக் கணக்கையும் யாராவது புட்டியின்மேல் எழுத வேண்டாமா?

மானாவாரிக் குடும்பத்தின் வழி வேறு. சோளத்தட்டை, மக்காச்சோளத்தட்டை, கடலைக்கொடி, பயற்றங்கூளம், கொஞ்சம் பருத்திவிதை, புண்ணாக்கு, வரப்பில் அறுத்த ஒரு கட்டுப் புல் - இவைதான் அங்கே கறவை மாட்டின் ஆகாரம். வீட்டார் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ போய்விட்டால் மாட்டை ஓட்டிப்போக ஆள் கிடையாது. மேய்ச்சல் என்பது ஒரு முழு ஆளின் ஒரு முழு நாள் உழைப்பு. அதற்கு விளம்பரக்காரர் விலை வைப்பதே இல்லை. மேலும், மேய்ச்சல் என்றாலே பாதுகாப்பு என்பதும் சரியல்ல. மழை பொய்த்து வாடிய இளஞ்சோளப் பயிரிலும், வெட்டிய தாளில் புதிதாகக் கிளைத்த தளிரிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் உண்டாக்கும் ஒரு பொருள் இருக்கிறது. அதில் வாய் வைத்த மாடு சில நிமிடங்களில் துடித்து விழும். கரிசல்காட்டு விவசாயிக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பூக்கும் வரை சோளக்கொல்லைப் பக்கம் மாட்டை அவர் அண்டவிடுவதில்லை.

சரி, பொது மேய்ச்சல் நிலம்? தமிழ்நாட்டின் பரப்பு 130 லட்சம் ஹெக்டேர். அதில் நிரந்தர மேய்ச்சல் நிலம் என்று அரசுக் கணக்கில் இருப்பது ஏறத்தாழ 1.1 லட்சம் ஹெக்டேர். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் பசுவின மாடுகள் சுமார் 95 லட்சம். வகுத்துப் பாருங்கள், ஆடுகளைச் சேர்க்காமலே ஹெக்டேருக்கு எண்பது மாடுகளுக்கு மேல் வருகின்றன. ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமித்தோரை அகற்றும்படி 2011 ஜனவரியில் உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. ஆணை இருக்கிறது, மேய்ச்சல் புறம்போக்கு எத்தனை ஊர்களில் மேய்ச்சலுக்காக இருக்கிறது என்பதை அவரவர் ஊரில் போய்ப் பாருங்கள்.

ஆக்கிரமித்தது மனிதர் மட்டும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்த சீமைக்கருவேல், விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களில் தரிசு, ஓடைக்கரை, கண்மாய் உள்வாய் என்று எங்கும் பரவிவிட்டது. அதன் இலையை மாடு தொடாது. நெற்றை ஆவலாகத் தின்னும். நெற்று இனிப்பானது, ஆனால் உள்ளிருக்கும் விதை ஜீரணமாகாமல் சாணியோடு வெளியேறி, போன இடமெல்லாம் முளைக்கும். தன் மேய்ச்சல் காட்டை அழிக்கும் மரத்தைத் தானே விதைத்துக்கொண்டு நடக்கிறது மாடு! விறகும் கரியும் தந்து எத்தனையோ ஏழைகளின் அடுப்பை எரித்த மரம்தான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அடர்ந்த கருவேலங்காட்டுக்குள் புல்லைத் தேடினால் கிடைக்காது.

மேற்கே போனால் மலை இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் அடிவாரங்களில் மலைமாட்டு மந்தைகள் தலைமுறை தலைமுறையாகக் காட்டுக்குள் மேய்ந்து வந்திருக்கின்றன. இந்த வட்டாரத்தில் "புல் மட்டுமே" என்று ஓரளவு உண்மையாகச் சொல்லத் தக்கவை அவைதாம். பாலுக்கு அவற்றை யாரும் வளர்ப்பதில்லை. எருவுக்காக, கிடை போடுவதற்காக, கன்றுகளுக்காக வளர்க்கிறார்கள். 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்ப்பதைத் தடைசெய்தது. முதலில் எல்லாக் காடுகளுக்கும் என்றிருந்த தடையைப் பின்னர் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்று சுருக்கியது. காட்டுயிரின் நோய்க்கும் காட்டின் அழிவுக்கும் அஞ்சி வந்த தடை அது. அந்த அச்சம் காரணமற்றதும் அல்ல. ஆனாலும் நகரத்தில் புல்லுப்பாலுக்குப் புகழ் ஏறிய அதே ஆண்டுகளில், உண்மையாகப் புல் மேய்ந்த மந்தைக்கு வாசல் அடைபட்டது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படியானால் வறண்ட தமிழ்நாட்டில் மேய்ச்சல் என்பதே நடவாத காரியமா? அப்படி முடிவுகட்டுவதற்கு முன் காங்கேயம் பக்கம் ஒருமுறை போய்வர வேண்டும். திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் 'கொறங்காடு' நம் நாட்டு மேய்ச்சல் முறைகளிலே தனிச்சிறப்பு வாய்ந்தது. இது ஊர்ப்பொது நிலம் அல்ல. தனியாரின் சொந்தப் பட்டா நிலம். உழவுக்கு அவ்வளவாக உதவாத சரளைச் செம்மண். அதைச் சிறுசிறு காடுகளாகப் பிரித்து, சுற்றிலும் கிளுவை நட்டு உயிர்வேலி ஆக்கியிருப்பார்கள். தரையில் கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரங்கள். ஒரு காட்டில் மாடும் ஆடும் மேயும்போது இன்னொரு காடு ஓய்வெடுக்கும். மழைக்குப் பிறகு புல் விதைவிடும்வரை பொறுத்திருப்பார்கள். கோடையில் புல் தீரும்போது வெள்வேல் தன் நெற்றை உதிர்க்கும். அதன் நிழலில் மாடு படுத்து அசைபோடும். அப்போதும் போதாமல் சோளத்தட்டை போடுவார்கள். அதை அவர்கள் மறைப்பதும் இல்லை. பழையகோட்டைப் பட்டக்காரர்கள் பேணி வளர்த்த காங்கேயம் இனம் இந்தக் காடுகளில் உருவான இனம். ஆங்கிலேய அதிகாரி லிட்டில்வுட் 1936ல் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றிய நூலிலும் இந்த இனம் இடம் பெற்றிருக்கிறது.

இதில் நம் கவனத்துக்கு உரிய ஒரு செய்தி, மழை. காங்கேயம் வட்டாரத்தின் மழை ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டியது. ஆலங்குளத்துப் பக்கத்தைவிடக் குறைவு! ஆகவே "மழை இல்லை, அதனால் புல் இல்லை" என்னும் சமாதானம் செல்லாது. கரிசல் மண் பருத்தி தந்தது. பருத்தி காசு தந்தது. புல்லுக்கென்று நிலம் ஒதுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அங்கே செம்மண் வேறொன்றும் தராததால் புல்லைக் காத்தார்கள். மண்ணின் ஏழ்மை ஓரிடத்தில் மேய்ச்சலைக் காப்பாற்றியது, மண்ணின் வளம் இன்னோர் இடத்தில் அதை விழுங்கியது என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. இப்போது கொறங்காட்டுக்கும் ஆபத்து வந்திருக்கிறது. டிராக்டர் வந்தபின் எருதுக்கு வேலை குறைந்தது. காடுகள் மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறுகின்றன.

கொறங்காட்டைப் புகழும்போதும் ஒன்றை மறைக்கக் கூடாது. காங்கேயம் பசு உழைப்புக்கான இனம்; கன்று குடித்தது போக நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் பால் கறந்தால் அது நல்ல கறவை. 1970 முதல் 1996 வரை நடந்த வெண்மைப் புரட்சித் திட்டத்தின் போக்கில் நம் சமவெளிகளில் ஜெர்சிக் கலப்பினம் பரவியது. எட்டு, பத்து லிட்டர் கறக்கும். அந்த எட்டு லிட்டரைப் புல் மட்டும் தர முடியாது. பசுவை மாற்றியவர்கள் அதற்கேற்ற பசுந்தீவனத்துக்கு நிலத்தையும் சேர்த்துத் திட்டமிட்டிருக்க வேண்டும். அது நடக்கவில்லை என்பது என் குறை. கூட்டுறவுச் சங்கத்தில் பாலுக்கு விலை கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் அளந்து தரப்படுகிறது. கரோட்டீனை யாரும் அளப்பதில்லை. வேலிமசாலும் அகத்தியும் வளர்த்துப் பச்சை கொடுத்தவரின் பாலும், பூசணக் கடலைப் புண்ணாக்கு கொடுத்தவரின் பாலும் ஒரே கேனில் கலக்கின்றன. பச்சைக்குக் கூலி இல்லாத இடத்தில் பச்சையை வளர்ப்பது யார்?

புல்லுப்பால் பருவநிலைக்கு நல்லது என்றும் ஒரு பேச்சு உண்டு. அதை விரிவாக ஆராய இங்கே இடம் போதாது. ஒன்று மட்டும் சொல்லலாம். மாட்டின் வயிற்றுத் தொட்டியில் நார் நொதிக்கும்போது மீத்தேன் வாயு பிறக்கிறது. முரட்டு நாரைத் தின்று குறைவாகக் கறக்கும் மாட்டின் ஒரு லிட்டர் பாலுக்கு மீத்தேன் கூடுதலாகவே வரும். உழவும் எருவும் கன்றும் சேர்த்துக் கணக்கிட்டால் நாட்டுமாட்டின் பக்கம் வேறு நியாயங்கள் உண்டு. ஆனால் அது பாலின் கணக்கு ஆகாது.

ஆலங்குளத்துக்குப் பொருந்தும் வழி எதுவென்று கேட்பீர்கள். மக்காச்சோளம் விளையும் பூமி இது. கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் பயிரை வெட்டி, காற்றுப் புகாமல் குழியிலோ பையிலோ அழுத்தி மூடி வைத்தால், 45 நாளில் ஊறுகாய்ப் புல் தயார். கார்த்திகைப் பச்சையைப் பங்குனிக்குக் கொண்டுபோகும் வழி இது. கரோட்டீனும் வெயிலில் காய்ந்த தட்டையைவிட நன்றாகத் தங்கும். பயிருக்கு உதவாத ஓரங்களிலும் சரளை மேடுகளிலும் கொழுக்கட்டைப் புல்லும் முயல்மசாலும் விதைத்து, இரண்டு பருவம் மாடு புகாமல் காத்தால் மானாவாரியிலேயே நிலைக்கும். கருவேலை வேரோடு எடுத்த புறம்போக்கில் ஊரார் கூடி இதைச் செய்யலாம். எடுத்துவிட்டு வெறுமனே விட்டால் அடுத்த மழையில் கருவேலே திரும்பி வரும். வீட்டுக் கொல்லையில் நான்கு அகத்தி மரம் இருந்தாலே ஒரு கறவைக்கு நாள்தோறும் ஒரு பிடி பச்சை கிடைக்கும்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் புல்லுப்பால் விற்க வந்தால், பசு எந்த இனம் என்று கேட்பதற்கு முன், எத்தனை மாட்டுக்கு எத்தனை ஏக்கர் என்று கேளுங்கள். மேய்ச்சலா, அறுத்துப் போடுவதா, கிணற்று நீரா, வானத்து நீரா என்று கேளுங்கள். மாசியிலும் பங்குனியிலும் மாடு என்ன தின்கிறது என்று கேளுங்கள். "அப்போது தட்டையும் ஊறுகாய்ப் புல்லும் போடுகிறோம், பூசணம் இல்லாத புண்ணாக்கு கொஞ்சம் வைக்கிறோம்" என்று ஒருவர் சொன்னால், அவரிடம் தயங்காமல் வாங்கலாம். ஆனால் அதற்கு இருமடங்கு விலை தர வேண்டியதில்லை.